மஞ்சள் கோடு வெடித்த இடம்

டேனி, லாரி சாவி மாட்டும் ஆணியில் சாவிக்குப் பதிலாக இந்தக் காகிதம் தொங்குவதைப் பார்த்ததும் உனக்கு முதலில் கோபம்தான் வரும். வரட்டும். கோபத்தோடேயே உட்கார்ந்து படி. சாவி தொலையவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். இந்த வண்டிக்கு வேறு சாவி கிடையாது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். பழைய வண்டியாக வாங்கும்போதே ஒற்றைச் சாவியோடுதான் வந்தது. உடனே எனக்குப் போன் போடுவாய். நான் காலை ஏ ஷிப்ட்டில் இருப்பேன், போன் லாக்கரில் இருக்கும், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. சாவி எங்கே இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிற ஆள் நீ, பரீட்சைக் கேள்வித்தாளைக்கூட அப்படித்தான் படிப்பாய். இந்த ஒரு தடவை அம்மாவுக்காக வரிசையாகப் படி. பிரிஸ்கில்லா பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும். உன் கூட்டாளி முத்துராஜ் வந்திருந்தால் அவனுக்கும் வாசித்துக் காட்டு. உங்கள் யாருக்கும் தெரியாமல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

இதை எழுதுகிற நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச் முடிந்து நீங்கள் இருவரும் பைக்கில் வாலாஜாபாத்துக்கு, அவள் அம்மா வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறீர்கள். அப்பா பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில் ஃபேனுக்கு நேராகப் படுத்துவிட்டார். பக்கத்துக் காலி மனையில் உன் லாரி நிற்கிறது. நாளைக் காலையில் நீயும் பிரிஸ்கில்லாவும் அதில் ஏறி ஓசூருக்குக் குடிபோகிறீர்கள். பின்னால் உங்கள் கட்டில், பீரோ, அவற்றுக்கு முன்னால் நேற்றுக் கிரேன் வைத்து ஏற்றிய, ஓசூரில் ஒரு கம்பெனியில் இறக்க வேண்டிய அந்த மெஷின். அந்த வண்டியின் பின் அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிராக்கெட்டை நீ போல்ட் போட்டு மாட்டவில்லை, ஃப்ரேமோடு வெல்டு வைத்துவிட்டாய். அந்த வெல்டின் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று நான் பயப்படுகிறேன். விஷயம் இவ்வளவுதான். இதை நேரில் சொல்லலாமே என்பாய். சொன்னேன். சொல்லும்போதே என் குரல் உச்சத்துக்குப் போய்விடுகிறது, உனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. காகிதத்துக்குக் குரல் இல்லை என்பதால் இதில் எழுதுகிறேன்.

நான் பயப்படாத பொருள் இந்த வீட்டில் எதுவும் இல்லை என்று நீ ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பது உண்மைதான். குக்கர் மூன்றாவது விசில் கொடுத்தால் நான் வாசலில் நிற்பேன். மாலில் எஸ்கலேட்டரில் ஏற நீ கையைப் பிடித்து இழுத்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், பின்னால் வந்த கூட்டம் நின்றது, செக்யூரிட்டி ஓடிவந்து "மேடம், மயக்கமா?" என்று கேட்டான். உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் நடுவில் அதை நீ நடித்தே காட்டினாய், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் கூட்டிப்போனபோது கடல் இருக்கிறதே என்று உன் பையில் ஒரு நீச்சல் டியூபை மடித்து வைத்து அனுப்பினேன். அதை வைத்தே பையன்கள் ஒரு வருஷம் உன்னை ஓட்டினார்கள். இப்படி எடுத்ததற்கெல்லாம் அலறியவள் இன்றைக்கும் அலறினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? உன்மேல் தப்பு இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், டேனி. மற்ற பயமெல்லாம் எனக்குத் தொண்டையில் வரும், கத்திவிட்டால் போய்விடும். இது அப்படியில்லை. ரெண்டு மாசமாக வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது, சாப்பிட விடவில்லை.

என் வேலை என்ன என்று நீ ஒழுங்காகக் கேட்டதில்லை, நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரகடத்தில் எங்கள் லைனில் லாரியின் ஃப்ரேம் தலைகீழாக வரும், மல்லாந்து கிடக்கிற ஏணி மாதிரி. எனக்கு முன்னால் நிற்கிற பையன்கள் டார்க் ரெஞ்சை வைத்து ஒவ்வொரு நட்டாக முறுக்குவார்கள். போதும் என்கிற இடத்தில் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். அதற்குப் பிறகு நான். மஞ்சள் பெயிண்ட் மார்க்கரை எடுத்து, போல்ட் நுனியில் தொடங்கி நட்டு வழியாக ஃப்ரேம்வரை ஒரு கோடு இழுப்பேன். பிறகு எப்போதாவது அந்த நட்டு ஒரு துளி திரும்பினாலும் கோடு விலகி நின்று காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவுதான் என் வேலை. "நாள் முழுக்க நட்டுக்கெல்லாம் நாமம் போட்டுகினு கீறா உங்கம்மா" என்று அப்பா கிண்டல் பண்ணுவார். நம் வீட்டு ஃபேன் கொக்கியில், கேஸ் ரெகுலேட்டரில், உன் பைக்கின் பின் சக்கர நட்டில்கூட என் மஞ்சள் கோடு இருக்கும், நீ பார்த்திருப்பாய். அந்த மார்க்கர் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. இன்ஜினியரிங் எல்லாம் எனக்குத் தெரியாது. கோடு நேராக இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் தெரியும்.

உன் வண்டிக்குப் பாஸ்டர் ஐயா வந்து பிரதிஷ்டை ஜெபம் பண்ணிய நாளை நினைத்துப் பார். நீயும் முத்துராஜும் பழைய லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு, காற்று நிரப்புகிற ரப்பர் பெல்லோ வைத்து, குலுங்காத லாரி என்று நீங்களே பெயர் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தீர்கள். கண்ணாடி ஏற்றினாலும் உடையாது, மெஷின் ஏற்றினாலும் அசையாது, இந்தப் பக்கம் இருக்கிற அத்தனை கம்பெனிக்கும் இனிமேல் நம் வண்டிதான் என்று நீ சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. பாஸ்டர் ஐயா ஜெபம் ஆரம்பித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. என் மகன் வண்டிக்கு என் கையால் கோடு போட வேண்டும் என்ற ஆசையில் பையிலிருந்து மார்க்கரை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்தின் பக்கம் குனிந்தேன். நட்டைத் தேடினேன். இல்லை. கையை விட்டுத் தடவினேன். நட்டு இருக்க வேண்டிய இடத்தில், வகிடெடுத்துப் பின்னிய ஜடைபோல, அவ்வளவு நேர்த்தியாக வெல்டு ஓடியிருந்தது. பிராக்கெட்டைச் சுற்றி, ஓரத்தையும் வளைத்து, ஒரு இடைவெளி இல்லாமல் ஓடியிருந்தது. கோடு போட ஒரு நட்டுகூட இல்லாத லாரியை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கையில் மார்க்கர் திறந்தபடி இருந்ததால் சும்மா ஒரு கோடு போட்டேன், பிராக்கெட்டில் தொடங்கி வெல்டைத் தாண்டி ஃப்ரேம்வரை. ஆமென் சொன்னதும் முத்துராஜ்தான் என்னைப் பார்த்தான்.

"யம்மா, அங்கன என்ன தேடுதிய?"

"நட்டு எங்கப்பா?"

"நட்டா? உங்க மவன் வெல்டு புடிச்சபொறவு நட்டு எதுக்கும்மா? இத பிரிக்கணும்னா ஃப்ரேமையே அறுக்கணும்லா" என்றான். தூத்துக்குடியிலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கிறவன், உன்னைப் பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு அந்தப் பேச்சில்தான் பயம் தொடங்கியது.

அன்று சாயங்காலமே உன்னிடம் கேட்டேன். நீ டீயை வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் விளக்கினாய். "இன்னாமா நீ? ஒரு காரு ஃபுல்லாவே வெல்டு தான். நாலு வருசம் நான் பாடி ஷாப்ல இன்னா பண்ணிகினு இருந்தேன்? அது அத்தினி பேர ஏத்திகினு ஓடுதா இல்லியா?" என்றாய். ஃப்ரேமில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையும் உன் பிராக்கெட் ஓட்டையும் நேராக வரவில்லை, புதிதாக ஓட்டை போடலாம் என்றால் டிரில் பிட் எரிந்து போகிறது, அவ்வளவு கெட்டி இரும்பு என்றாய். "ஓட்ட போட்டா தான்மா ஃப்ரேம் வீக்காவும். வெல்டு வச்சா ரெண்டும் ஒன்னாயிடும்" என்றாய். நீ சொன்னதில் பாதி சரியாகக்கூட இருக்கலாம். கார் கம்பெனியில் வெல்டில் ஒரு இடைவெளி விட்டால் அந்தப் பாடியை ஓரம் கட்டிவிடுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்தப் பயத்தில்தான் நீ ஓரத்தைக்கூட விடாமல் வளைத்து வெல்டு வைத்திருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்கிற கையும் ஒரகடம் பக்கம் லாரி செய்கிற கையும் ஒரே வீட்டில் சோறு சாப்பிடுகிறது, ஆனால் ஒன்று செய்கிற வேலை மற்றதற்குத் தெரியாது. நாம் இருவரும் இத்தனை வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசியதே கிடையாது, ஓ.டி. உண்டா இல்லையா என்பதைத் தவிர.

உன் வெல்டிங் கையைப் பற்றி நான் குறை சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. நம் வீட்டுத் தண்ணீர் டிரம் ஸ்டாண்டு ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஆங்கிள் வாங்கி போல்ட் போட்டு நிறுத்தியது. டிரம் நிறையும்போதெல்லாம் கிறீச் கிறீச்சென்று கத்தும். அப்பா மாதம் ஒரு தடவை ஸ்பானரோடு ஏறி முறுக்குவார், இறங்கும்போது யாரையாவது திட்டுவார். ஐ.டி.ஐ. முடித்த கையோடு நீ ஒரு நாள் மெஷினை எடுத்துவந்து நான்கு மூலையையும் வெல்டு வைத்தாய். கத்தல் நின்றது. அப்பா ஸ்பானரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். இன்றுவரை அந்த ஸ்டாண்டு அசையவில்லை, நானே போய்ப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். ஆனால் டேனி, அந்த ஸ்டாண்டு எங்கேயும் போவதில்லை. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குவதில்லை. பள்ளத்தில் ஒரு கால், மேட்டில் ஒரு காலாக நிற்பதில்லை. அதன்மேல் உன் பெண்டாட்டி உட்கார்ந்து போவதும் இல்லை.

போன வாரம் டீ பிரேக்கில் எங்கள் லைன் இன்ஜினியரிடம் கேட்டேன். சின்னப் பெண், உன்னைவிட இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். லாரி ஃப்ரேமில் பிராக்கெட்டை வெல்டு வைத்தால் என்ன ஆகும் என்றேன். "எதுக்குக்கா கேக்கறீங்க?" என்றாள். டிவியில் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையால் முறுக்கிக் காட்டினாள். "லாரி ஓடறப்போ ஃப்ரேம் இப்படி முறுக்கிக்கும்கா, முறுக்கிக்கணும். அதுக்காகவே இந்த இரும்ப சூடு பண்ணி பதம் பண்ணிருக்காங்க. வெல்டு வச்சா அந்த எடத்துல மட்டும் பதம் போயிடும். முறுக்கறப்போ எல்லா பாரமும் வெல்டு முடியற ஓரத்துல வந்து நிக்கும். அதுலயும் மேலயும் கீழயும் மடிச்சிருக்கற விளிம்புல வெல்டு வச்சா, அதான்கா ரொம்ப மோசம்" என்றாள். வெல்டே கூடாது என்று இல்லையாம், வண்டி செய்த கம்பெனியே சில இடம் சொல்லுமாம். ஆனால் சாதாரணமாக நடுப்பக்கத்தில் ஓட்டை போட்டு, விளிம்பைத் தொடாமல், போல்ட்டில்தான் மாட்டுவார்களாம். ஓட்டையும் கண்ட இடத்தில் போடக்கூடாதாம். நீ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. போல்ட் மட்டும் கடவுளா என்ன? அதுவும் தளரும், அதற்காகத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்துக் கோடு போட வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை உன்னிடம் இதைச் சொன்னேன். "அவங்க வாரன்ட்டிக்காக அப்டி தான்மா சொல்வாங்க. நீ எல்லாத்துக்கும் பயந்துகினே இருக்க" என்று சொல்லி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நாள் முழுக்க லைனில் கோடு போடும்போது ஒரே யோசனைதான் ஓடியது. போல்ட் தளர்ந்தால் கத்தும். டொக் டொக்கென்று தட்டும், ஓட்டுகிறவன் இறங்கிப் பார்ப்பான். அது என்னைப் போல, சும்மா கத்திக்கொண்டே இருக்கும், எரிச்சல்தான். வெல்டு கத்தாது. அது உன்னைப் போல. கார் கம்பெனியில் உன்னை வேலையைவிட்டு நிறுத்தியபோது நீ என்ன செய்தாய்? ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் யூனிஃபார்ம் போட்டு, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனாய். பென்னலூர் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் ஷிப்ட் முடிந்தவன் மாதிரி வந்தாய். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வீட்டில் சிரித்தாய், கிரிக்கெட் பார்த்தாய். ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, பிசைந்த கை பிசைந்தபடி இருக்க, குலுங்கிக் குலுங்கி அழுதாய். அதுவரை உள்ளே எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. அந்த அழுகையை நான் மறக்கவில்லை. வெளியே அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பும் தைரியம் அன்றோடு எனக்குப் போய்விட்டது.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், இது நேற்று நடந்தது. பிரிஸ்கில்லா துணியெல்லாம் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம், பஸ்ஸில் குலுங்கிப் போகக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால்தானே அவளை உன் லாரியில் கூட்டிப்போவது என்று முடிவு செய்தாய்? "பஸ்ஸ விட, கார விட நம்ம வண்டி ஸ்மூத்து" என்று நீ சொன்னது பொய்யில்லை, நானும் அதில் உட்கார்ந்து படப்பைவரை போயிருக்கிறேன், தொட்டில் மாதிரி போகிறது. அவள் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு தலையணையை எடுத்துத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அத்தே, வண்டி நல்லா கீதுல்ல? அவரு சொன்னா சரியா தான இருக்கும்?" நாம் இருவரும் வியாழக்கிழமை பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்தலாமா, புருஷன்மேல் நம்பிக்கையைக் கெடுக்கலாமா என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. "ஆமாம்மா, சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நானே சரி என்று சொன்னதால் அவளுக்கு முழு நிம்மதி. சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், டேனி. பிரிஸ்கில்லா, நீ இதைப் படித்தால் அத்தையை மன்னித்துக்கொள். நான் சொன்னது எனக்கே தெரியாத விஷயம்.

இன்று காலை சர்ச்சுக்குக் கிளம்புமுன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். இந்த ரெண்டு மாசமும் சின்னச் சின்ன லோடு அடித்தபோது அடிக்கடி குனிந்து பார்ப்பேன், என் கோடு அப்படியே இருக்கும். இன்றைக்கு மெஷின் பாரம் முழுக்க மேலே இருக்கிறது. இடது பக்கம், வெல்டு வளைந்து கீழ் விளிம்பில் முடிகிற இடத்தில் என் மஞ்சள் கோடு வெடித்திருந்தது. தலைமுடி அகலம்தான். அந்த வெடிப்பில் லேசாகத் துருவின் நிறம். உன்னை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். நீ லுங்கியோடு, கொட்டாவி விட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாய். "பெயிண்ட் தான்மா வெடிச்சிருக்குது. வெயில்ல நின்னுகினு கீது இல்ல?" என்றாய். இருக்கலாம். பெயிண்ட் மட்டும் வெடித்திருக்கலாம். அதற்கு அடியில் இரும்பும் வெடித்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, ஏனென்றால் நீ நின்றபடி பார்த்தாய். தெரியாமலே நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்பதுதான் என்னைக் கொல்கிறது.

சர்ச்சில் பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை. கிருஷ்ணகிரி தாண்டினால் மேடும் இறக்கமுமாக ரோடு போகும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அந்த இறக்கத்தில், பின்னால் அவ்வளவு பாரத்தோடு, அந்த பிராக்கெட் பிய்த்துக்கொண்டு வந்தால் அச்சு ஒரு பக்கமாகத் திரும்பும், ஸ்டியரிங் உன் கையில் இருந்தும் வண்டி உன் பேச்சைக் கேட்காது. அதற்குமேல் என்ன ஆகும் என்று எழுதப்போனேன். எழுதினால் நடந்துவிடுமோ என்று பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், என் எதிரில் முழு உடம்போடு நின்று சிரி.

உன் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். முதல் பெரிய லோடு இது. நாளைக்குச் சாயங்காலம் மெஷின் அங்கே இறங்கவில்லை என்றால் அந்தக் கம்பெனிக்காரர்கள் அடுத்த தடவை உன்னைக் கூப்பிடாமல் போகலாம். ஓசூரில் பார்த்த வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம். வெல்டை அறுத்து, தேய்த்து, வேறு பிளேட் அடித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு ஓட்டை போட்டு மாட்டுவதென்றால் எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு நேர்த்தியாக வைத்த வெல்டைக் கிரைண்டர் போட்டு அறுக்க உனக்கு எப்படி மனசு வரும் என்றும் நினைத்தேன். அந்த இடத்தில் எனக்கும் அழுகை வந்தது. போனால் போகட்டும், டேனி. லோடு போகட்டும், பெயர் போகட்டும், ஓசூர் எங்கேயும் ஓடிவிடாது. எங்கள் லைன் இன்ஜினியர் பொண்ணிடம் பொய் சொன்னதற்கு நாளைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, உண்மையைச் சொல்லி, இதை யாரிடம் காட்டலாம் என்று கேட்டுவிட்டு வருகிறேன். ஃப்ரேமைச் சரி பார்க்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் நீ கூனிக் குறுக வேண்டியதில்லை, உன் கையைப் பார்த்தாலே நீ யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சாவியை நான் ஷிப்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தேன், டிபன் பாக்ஸில்கூடப் போட்டுவிட்டேன். பிறகு வெளியே எடுத்தேன். நீ சின்னப் பையன் இல்லை. நான் ஒளித்து வைத்தால் நீ யாரையாவது கூட்டிவந்து வேறு வழியில் ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பிவிடுவாய், அதுவும் என்மேல் இருக்கிற கோபத்தில் வேகமாக ஓட்டுவாய். அதனால் சாவியை நீ எடுக்கிற மாதிரிதான் வைக்கப்போகிறேன்.

வண்டிக்கு இடது பக்கம் போ. பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நான் கட்டை கொடுத்திருப்பேன், அதைத் தள்ளிவிடாதே. கீழே ஒரு கோணி விரித்திருக்கும், அதில் படு. முழுதாக உள்ளே போக வேண்டாம், தோள்வரை போனால் போதும், எனக்கு அதுவே பயம். உன் பிராக்கெட்டில், என் மஞ்சள் கோடு வெடித்த இடத்துக்கு நேர் எதிரில், துணியால் சாவியைக் கட்டி வைத்திருப்பேன். பக்கத்தில் டார்ச், வயர் பிரஷ், ஒரு மூடியில் கொஞ்சம் டீசல், ஒரு சாக்பீஸ். விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அந்த இன்ஜினியர் பொண்ணு அன்றைக்குப் பேச்சோடு பேச்சாகச் சொன்ன வழி இது. பெயிண்டைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிடு. டீசலைத் தடவிக் கொஞ்ச நேரம் விடு. நன்றாகத் துடை. சாக்பீஸைப் பொடித்து அதன்மேல் பூசிவிட்டு, டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டிரு. இரும்பு முழுசாக இருந்தால் பூசிய இடம் காய்ந்த வெள்ளையாகவே இருக்கும். அப்படி இருந்தால் சாவிதான் உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதே, எடுத்துக்கொள். அப்போதும் எனக்குப் பயம் போகாது, ஆனாலும் குறுக்கே நிற்கமாட்டேன். எஸ்கலேட்டர் கதையோடு இதையும் சேர்த்து ஓசூர் முழுக்கச் சொல்லிச் சிரி.

விரிசலுக்குள் இறங்கிய டீசல் அந்த வெள்ளையில் ஒரு ஈரக் கோடாக எழுந்து வந்தால், எனக்குப் போன் போடாதே. முத்துராஜையும் கூப்பிடாதே. பிரிஸ்கில்லாவைக் கூப்பிடு. மெதுவாக வரச் சொல், குனிய விடாதே, போனில் படம் எடுத்து அவளுக்குக் காட்டு. வண்டி நல்லா கீதுல்ல என்று அவள் என்னிடம் கேட்டாள். அதற்கு நான் பொய்யாக ஒரு பதில் சொல்லிவிட்டேன். உண்மையான பதிலை நீ சொல்லிவிடு.

மணி அடித்ததும் சாப்பாட்டுக்குப் போகமாட்டேன், போனை எடுக்க நேராக லாக்கருக்குத்தான் ஓடுவேன்.

அம்மா